'ஆறு மாதம்' என்னும் எண்ணின் வரலாறு

கற்றல் கற்பித்தல், தேர்வுத் தாள், பயிற்றி என்றே எழுதிப் பழகிய இவ்வலைப்பூவில் இன்று ஓர் எண்ணின் வரலாற்றை எழுத விழைகிறேன். 'ஆறு மாதம்' என்பதே அவ்வெண். முற்றிய புற்றுநோய் கண்டவர்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் மருத்துவர்கள் கூறும் அவ்வெண் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பனவற்றைத் தேடிப் படிக்க எனக்கொரு காரணம் ஏற்பட்டது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள். நான் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியை. பள்ளி திறந்து இரண்டு வாரங்கள் இருக்கும். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளி முடிந்ததும் சிற்றுண்டிச் சாலையில் எனக்காகக் காத்திருந்தார். கணவரை முன்பே சாலை விபத்தில் இழந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்து ஒரே மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "டீச்சர், எனக்குக் கணையத்துல புற்றுநோயாம். கல்லீரலுக்கும் போயிடுச்சாம். ஆறு மாசம்னு சொல்றாங்க. பையன் யூபிஎஸ்ஆர் எழுதுற வரைக்கும் இருப்பேனா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே விரல்விட்டு எண்ணினார். தேர்வு செப்டம்பரில். ஆறு மாதம் சூலையோடு முடிகிறது. இடையில் இரண்டு மாதம் இடித்தது.

யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நீக்கிவிட்டார்கள். இன்றைய இளம் பெற்றோருக்கு அதன் அருமை அவ்வளவாக விளங்காது. அன்றோ ஒரு தமிழ்ப்பள்ளித் தாய்க்கு அத்தேர்வு மகனின் முதல் திருமணம் போன்றது. நான் என்ன மறுமொழி கூறினேன் என்பது நினைவில்லை. "கவலைப்படாதீர்கள்" என்பதுபோல் ஏதோ உளறியிருப்பேன்.

அந்த வார இறுதியில் இணையத்தில் தேடியபோது என் கண்ணில் பட்டவர் ஸ்டீபன் ஜே கூல்ட். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்தவர். 1982ஆம் ஆண்டு சூலையில், தம் நாற்பதாம் வயதில், வயிற்றின் உட்சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் தமக்கு இருப்பதை அறிந்தார். கல்நார்த் தூசியோடு தொடர்புடையது இந்நோய். அறுவைக்குப் பின் தம் மருத்துவரிடம், இந்நோயைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டார். படிக்கும்படியாக ஒன்றும் இல்லை என்று அம்மருத்துவர் நழுவிக்கொண்டார். படிப்பதையே தொழிலாகக் கொண்டவரைப் படிக்காதே என்றால் கேட்பாரா? நடக்க முடிந்ததும் நேரே மருத்துவ நூலகத்திற்குச் சென்றார். அங்கே அவர் கண்டது: இந்நோய்க்குத் தீர்வு இல்லை, கண்டறிந்த பின் வாழும் காலத்தின் நடுவெண் எட்டு மாதம்.

கால் மணி நேரம் திகைத்து அமர்ந்திருந்தாராம். பிறகு அவருள் இருந்த ஆராய்ச்சியாளர் விழித்துக்கொண்டார். நடுவெண் என்றால் என்ன? நம் வகுப்பில் நாம் நடத்துவதுதான். ஐந்து மாணவர்கள் ஒரு மாதத்தில் படித்த நூல்கள் 1, 2, 3, 4, 30 என்று வைத்துக்கொள்வோம். வரிசையின் நடுவில் நிற்பது 3. ஆனால் முப்பது நூல் படித்த பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். நடுவெண் அவளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எட்டு மாதம் என்றால் பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் இறந்தனர், மறுபாதியினர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பது மட்டுமே பொருள். அந்த மறுபாதியினர் எவ்வளவு காலம் வாழ்ந்தனர்? வரைபடத்தின் இடப்பக்கம் சுழியத்தில் முட்டி நின்றுவிடுகிறது. நோய் கண்டறியும் முன்பே அதனால் இறந்தவரை அதில் சேர்க்க முடியாது. வலப்பக்கத்திற்கோ அத்தகைய சுவர் இல்லை. எனவே அது வால்போல் நீண்டுகொண்டே போகலாம். தாம் இளையவர், நோய் அவ்வளவாக முற்றவில்லை, நல்ல மருத்துவம் கிடைக்கிறது. ஆகவே தாம் அந்த வால்பகுதியில் இருக்க நியாயம் உண்டு என்று கூல்ட் கணக்கிட்டார். இதனை 1985இல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார். புற்றுநோயாளிகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த கட்டுரை அது. நோய் கண்ட பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1,400 பக்கங்களுக்கு மேற்பட்ட தம் பெருநூலையும் வெளியிட்டுவிட்டு, 2002ஆம் ஆண்டு மே 20இல் மறைந்தார். அப்போது அவரைக் கொண்டுசென்றது இந்நோய் அன்று. தொடர்பில்லாத வேறொரு புற்றுநோய்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. திங்கட்கிழமையே அத்தாயாரை வரச் சொன்னேன். கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் தாள் ஒன்றைக் கிழித்து வரைபடம் வரைந்தேன். நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் நீண்ட வால். "நீங்கள் இந்த இடத்தில்கூட இருக்கலாம் அம்மா" என்று வாலின் நுனியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அத்தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மே மாதப் பள்ளி விடுமுறைக்கு முன் அவரைப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். மகனுக்குப் பொறுப்பாளர் யார், சேமநிதிப் பணத்திற்கு வாரிசு பெயர் கொடுத்தாயிற்றா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். பிறகு, "நீங்கதானே சொன்னீங்க டீச்சர், அந்த வெள்ளைக்காரரு இருபது வருஷம் இருந்தாருன்னு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான். ஆறுதல் சொல்வதாக எண்ணி அவருடைய நான்கு மாதங்களை நான் வீணடித்திருந்தேன். கூல்ட் சொன்ன கணக்கு சரியே. ஆனால் அவர் நோயின் வரைபடத்தை எடுத்து இவர் நோய்க்கு ஒட்டியது நான் செய்த பிழை. அதன் பிறகுதான் பொறுமையாக, தொடக்கத்திலிருந்து படித்தேன்.

நோயாளியின் காலத்தைக் கணிப்பது மருத்துவத்தைப்போலவே பழையது. எகிப்தில் கிடைத்த எட்வின் சுமித் பாப்பிரசுச் சுருள், கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 1600இல் படியெடுக்கப்பட்டது. அதில் 48 நோயாளர்களின் நிலை விளக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரையும் ஆராய்ந்தபின் மருத்துவர் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றைக் கூறுகிறார்: இதற்கு மருத்துவம் செய்வேன், இதனோடு போராடிப் பார்ப்பேன், இது மருத்துவம் செய்வதற்கில்லை. மார்பில் கட்டிகள் புடைத்துப் பரவியிருக்கும் ஒருவரைப் பற்றிய பகுதியும் உண்டு. அதற்கு மருத்துவம் இல்லை என்பதே அங்குள்ள செய்தி. கிரேக்கர்களோ அக்கட்டியைச் சுற்றிக் கிளைவிடும் நரம்புகளைக் கண்டு நண்டு என்று பெயரிட்டார்கள். கான்சர் என்னும் சொல்லும் கடக ராசியின் ஆங்கிலப் பெயரும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுவே. (நாம் புற்று என்றோம். நண்டு கடித்துப் பிடித்துக்கொள்வது. புற்று கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் வளர்வது. எனக்கென்னவோ நம் சொல்லே பொருத்தமாகப் படுகிறது.) உள்ளே மறைந்திருக்கும் புற்றைத் தொடாமல் விடுவதே நன்று, தொட்டால் நோயாளி விரைவில் இறப்பார், விட்டால் நெடுநாள் வாழ்வார் என்பது இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று.

இவையெல்லாம் தீர்ப்புகள், எண்கள் அல்ல. எண் வேண்டுமானால் பலரை ஓரிடத்தில் வைத்து, வந்த நாளையும் இறந்த நாளையும் குறிக்க வேண்டும். அதற்கு வழி செய்தது இலண்டனின் மிடில்செக்சு மருத்துவமனை. 1792இல் சாமுவேல் விட்பிரெட் என்பவர் தந்த நன்கொடையால் அங்குப் புற்றுநோயாளிகளுக்கென்றே ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அக்காலத்து மருத்துவமனைகள் தீராத நோயாளரைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் விரைவில் அனுப்பிவிடும். இப்பிரிவிலோ நோயாளிகள் இறுதி வரை தங்கலாம். அவர்களின் பதிவேடுகளும் தங்கின.

அப்பதிவேடுகளை 20ஆம் நூற்றாண்டில் புளூம் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் எடுத்துப் பார்த்தார்கள். 1805 முதல் 1933 வரை அப்பிரிவில் இருந்த, எவ்வித மருத்துவமும் பெறாத 250 மார்புப் புற்றுநோயாளிகளின் வாழ்நாளைக் கணக்கிட்டு 1962இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில் வந்து சேர்ந்தவர்கள். அறிகுறி தோன்றிய நாளிலிருந்து அவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுவெண் 2.7 ஆண்டுகள். ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பத்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 3.6, அதாவது 250 பேரில் 9 பேர். நான் இந்த ஒன்பது பெண்களை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. ஆயினும் பத்து ஆண்டுகள். அதே பிரிவில், அதே நோயோடு, ஓராண்டும் நிறைவடையாமல் இறந்தவர்களும் இருந்தார்கள். கூல்ட் கண்ட வால் அவருக்கு முன்பே அந்தப் பழைய பதிவேட்டில் இருந்திருக்கிறது.

ஆக, மருத்துவர் வாயிலிருந்து வரும் எண் நம்மைப் பார்த்துக் கூறப்படும் எண் அன்று. நமக்கு முன் அதே நோயோடு படுத்திருந்த ஒரு கூட்டத்தின் நடுவில் நின்றவரின் எண் அது.

கூட்டத்தை ஒழுங்காகப் பிரிக்காவிட்டால் எண்ணுக்கும் பொருள் இராது அல்லவா? அந்த வேலையை 1943 முதல் 1952 வரை பிரான்சில் பியேர் தெனுவா என்பவர் செய்தார். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதா, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் சென்றுவிட்டதா என்ற மூன்றையும் கொண்டு நோயை வகைப்படுத்தும் முறையை வகுத்தார். இன்று நாம் 'நாலாவது ஸ்டேஜ்' என்று மெல்லிய குரலில் சொல்கிறோமே, அஃது இந்த வகைப்பாட்டின் வழி வந்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் டேவிட் கர்னோஃப்ஸ்கி வேறொரு கேள்வியைக் கேட்டார்: நோய் எங்கே பரவியது என்பது இருக்கட்டும், நோயாளி என்ன செய்ய முடிகிறது? வழக்கமான வேலைகளைச் செய்கிறவருக்கு 100, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடிந்தும் வேலை செய்ய இயலாதவருக்கு 70, படுக்கையில் கிடப்பவருக்கு அதனினும் குறைவு, இறப்பு 0. இந்த எளிய அளவுகோலும் அதன் வழிவந்தவையும் இன்றும் பயன்படுகின்றன. முற்றிய நோயில், ஒருவர் எழுந்து நடமாடுகிறாரா, பகலின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிக்கிறாரா என்பது, படக்கருவி காட்டும் கட்டியின் அளவைவிட அதிகமாகவே சில வேளைகளில் சொல்லிவிடுகிறது. என் மாணவனின் தாயார் சனவரியில் பேருந்தேறிப் பள்ளிக்கு வந்தவர். மே மாதத்தில் உறவினர் காரில், பின்னிருக்கையில் சாய்ந்தபடி வந்தார். அந்த மாற்றத்தை நான் கண்ணால் கண்டும் படிக்கத் தெரியாதவளாக இருந்தேன்.

எண் இருக்கிறது, அதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? இதிலும் ஒரு வரலாறு உண்டு. 1961இல் சிகாகோவில் டொனால்டு ஓகன் என்பவர் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு நெருக்கமானோர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்புவதாகக் கூறினர். 1979இல் வேறோர் ஆய்வில் அதே கேள்வியைக் கேட்டபோது, சொல்வதையே விரும்புவதாக 97 சதவீதத்தினர் கூறினர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாக மாறியிருக்கிறது. நம் வீடுகளில் அந்த 1961 இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று அறைக்கு வெளியே கெஞ்சும் பிள்ளைகளை நம்மில் யார்தாம் பார்த்ததில்லை? உள்ளே படுத்திருக்கும் அம்மா, தமக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று வேறு நடித்துக்கொண்டிருப்பார்.

எண்கள் மாறாதவையும் அல்ல. 1950களின் நடுப்பகுதி வரை, நச்சுக்கொடியில் தோன்றி நுரையீரலுக்குப் பரவும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோய் இளம் தாய்மார்களைச் சில மாதங்களிலேயே கொன்றுவந்தது. 1956இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்தன. லீ அத்தோடு நிறுத்தவில்லை. நோய் இருப்பதைக் காட்டும் இயக்குநீர் சிறிதளவேனும் தெரியும்வரை மருந்தைத் தொடர்ந்தார். கட்டி மறைந்த பிறகும் நோயாளிக்கு நஞ்சு கொடுக்கிறார் என்று மேலிடம் கருதியது. அவர் அந்நிலையத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் அவர் சொன்னபடி மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்பவில்லை. பரவிய திண்மக் கட்டிப் புற்றுநோய் ஒன்றை மருந்தால் மட்டுமே குணப்படுத்தியது அதுவே முதன்முறை. 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களுள் லீயும் ஒருவர்.

அந்த மருந்துக் குடும்பத்திற்கும் நம் பக்கத்திற்கும் ஓர் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில், லெடர்லே நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவை அவை. 1948இல் மறைந்த அவர் கோரியோகார்சினோமா குணமானதைக் காணவில்லை.

1974இல் இண்டியானாபோலிசில் லாரன்சு ஐன்ஹார்ன் என்பவர் பரவிய விதைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் மருந்தை வேறிரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதுவரை பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று அந்நிலையில் வருபவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் குணமடைகின்றனர். தோலில் தோன்றும் மெலனோமா பரவிவிட்டால் 2011க்கு முன் நடுவெண் ஓராண்டைத் தொட்டதில்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கல்லீரலிலும் மூளையிலும் மெலனோமா இருப்பதாக 2015 ஆகஸ்டில் அறிவித்தபோது அவருக்கு வயது 90. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்து பெற்று, 2024 டிசம்பர் 29ஆம் நாள், நூறு வயது நிறைந்து மறைந்தார். இத்தகைய இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் பத்தாண்டுகளுக்குப் பிறகும் 43 சதவீதத்தினர் உயிருடன் இருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நுரையீரல் புற்றுநோயில் ஏஎல்கே என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு லோர்லாட்டினிப் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் 60 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறவில்லை. இதுவும் 2024இல் வந்த செய்தி.

இத்தனையையும் சொல்லிவிட்டுக் கணையத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் முன்பு செய்த பிழையையே மீண்டும் செய்தவளாவேன். பரவிய கணையப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 2011இல் பிரான்சு மருத்துவர்கள் வெளியிட்டனர். அதனைப் பெரிய முன்னேற்றம் என்றே உலகம் கொண்டாடியது. நடுவெண் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதத்திற்கு உயர்ந்தது. முன்னேற்றம் என்பதே அவ்வளவுதான். அந்தக் கடும் மருந்தையும் ஓரளவு உடல் வலுவுள்ளவர்களே தாங்க முடியும். எல்லா நோய்க்கும் வால் உண்டு. ஆனால் எல்லா வாலும் நீளமில்லை.

என்னை மிகவும் தைத்த ஆய்வு ஒன்று உண்டு. நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸ், எலிசபெத் லாமண்ட் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இறுதிக்காலப் பராமரிப்பில் சேர்ந்த 468 நோயாளிகள் இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று அவர்களை அனுப்பிய மருத்துவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 20 கணிப்புகளே சரிக்கு அருகில் வந்தன. 63 கணிப்புகள் உள்ளதைவிட அதிகமாகச் சொல்லப்பட்டவை. குறைத்துச் சொல்லப்பட்டவை 17 மட்டுமே. 'டாக்டர் மூன்று மாதம் என்றார், மூன்று வருடம் இருந்தார்' என்ற கதைகள் நம்மிடையே ஏராளம். அதனால் மருத்துவர்கள் எப்போதும் குறைத்தே சொல்வதாக நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. 'ஆறு மாதம் என்றார், ஆறு வாரத்தில் போய்விட்டார்' என்ற கதையைச் சொல்லிக்கொண்டு திரிய யாருக்கும் மனம் வருவதில்லை. இதைவிட வியப்பு, மருத்துவர் அந்நோயாளியை எவ்வளவு நீண்ட காலமாக அறிந்திருந்தாரோ அவ்வளவுக்குக் கணிப்பு பிசகியது. பழகியவரிடம் குறைத்துச் சொல்ல நா எழுவதில்லை போலும். ஒரு மாணவனின் தாயிடம் நான் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

அப்படியானால் எப்படித்தான் சொல்வது? சிட்னியைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்டாக்லர், பெலிண்டா கீலி ஆகிய மருத்துவர்கள் ஒரு வழி கூறுகிறார்கள். ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். நடுவெண்ணை வைத்து மூன்று நிலைகளைச் சொல்லுங்கள் என்பது அவர்கள் கருத்து. முற்றிய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நடுவெண்ணின் பாதிக்கும் இருமடங்குக்கும் இடைப்பட்ட காலம் வாழ்கிறார்கள். பத்தில் ஒருவர் அளவுக்கு மும்மடங்கைத் தொடுகிறார்கள். மிகக் குறுகிய காலத்திலேயே இறந்துவிடும் சிலரும் உண்டு. நடுவெண் ஆறு மாதம் என்றால், பாதிப்பேருக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை. பத்தில் ஒருவருக்கு ஒன்றரை ஆண்டோ மேலோ. சிலருக்குச் சில வாரங்களே. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு இது. சனவரியில் எனக்குத் தெரியவில்லை.

சூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் அவர் வீட்டுக்கே சென்றேன். பழைய தாளை எடுத்து வரச் சொல்லி, வாலின் நுனியில் நான் இட்ட புள்ளியை அடித்தேன். மூன்று நிலைகளையும் எழுதிக் காட்டி, "நான் தவறாகச் சொல்லிவிட்டேன் அம்மா. செப்டம்பருக்கு நீங்கள் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம். இரண்டுக்கும் ஏற்பாடு செய்வோம்" என்றேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "இப்பதான் டீச்சர் எனக்குப் புரியுது" என்றார். அந்த வாரமே சேமநிதி அலுவலகத்திற்குச் சென்று வாரிசு பெயரைப் பதிந்தார். மகனைத் தங்கையிடம் ஒப்படைப்பதற்கான கடிதங்களை ஒரு வழக்கறிஞர் எழுதித் தந்தார்.

வலிக்கும் வழி பிறந்தது. 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்சு அம்மையார் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்திலிருந்து உலகெங்கும் பரவிய வலிதணிப்புப் பராமரிப்பு நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீடு தேடிச் சென்று கட்டணமின்றிப் பணிசெய்து வருகிறது. இவ்வகைத் தாதியர் ஒருவர் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். இவர்களை அழைப்பது கடைசி நாள்களுக்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு பொது மருத்துவமனையில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்திருந்தனர். கடும் மருத்துவங்களைக் குறைவாகவே பெற்றும் நடுவெண் அவர்களுக்கு 11.6 மாதமாகவும், மற்றவர்களுக்கு 8.9 மாதமாகவும் இருந்தது. இதையும் சனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் தேர்வு நடந்தது. முதல் நாள் காலை, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளி வாயிலில் காருக்குள் அமர்ந்தபடி மகனுக்குக் கையசைத்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபரில் காலமானார். ஆறு மாதம் என்ற எண்ணுக்கு மேல் மூன்று மாதம். நவம்பரில் தேர்ச்சி அறிக்கையை வாங்க அவன் சித்தியோடு வந்திருந்தான். தமிழ்மொழி இரண்டு தாளிலும் 'ஏ'. கணிதத்தில் 'பி'. "அம்மா பையில இருந்துச்சு டீச்சர்" என்று நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினான். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் மளிகைச் சாமான் பட்டியல் இருந்தது. இஃது என்ன கணக்கு என்று கேட்டான். நடுவெண் என்றேன். இதைப் படிவம் இரண்டில் படிப்பாயா மூன்றில் படிப்பாயா என்று எனக்குத் தெரியாது, வேண்டுமானால் இப்போதே சொல்லித் தருகிறேன் என்றேன். சித்தி கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். அவன் உட்கார்ந்தான்.